எடை குறைந்தது, அழுத்தம் இறங்கியது: பிரஷர் மாத்திரையை இனி நிறுத்தலாமா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

எழுதியிருப்பவருக்கு வயது 51. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கமான பரிசோதனையில் ரத்த அழுத்தம் 168/104 என்று தெரிந்தது. முதலில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள், பிறகு டெல்மிசார்டன் 40 மில்லிகிராமும் சேர்ந்தது. சர்க்கரை நோய் இல்லை. கடந்த ஏழு மாதங்களில் தினமும் 45 நிமிடம் நடந்து, உப்பைப் பாதியாக்கி, எடையை 86 கிலோவிலிருந்து 77 கிலோவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இப்போது மணிக்கட்டில் கட்டும் கருவியில் 112/72 அளவில் காட்டுகிறது. காலையில் மாத்திரை போட்டு, நடந்து, குளித்து முடித்தபின் ஒருமுறை பார்க்கிறார். படுக்கையிலிருந்து எழும்போது சில நாட்களாகத் தலை சுற்றுகிறது. சமையலுக்குச் சோடியம் குறைந்த மாற்று உப்பு. முழங்கால் வலிக்கு வாரத்தில் நான்கைந்து நாள் டைக்ளோஃபெனாக்.

போன மாதம் யாரிடமும் சொல்லாமல் அம்லோடிபினை நான்கு நாள் நிறுத்திப் பார்த்தாராம். அழுத்தம் 118/76-ஐத் தாண்டவில்லை. "அப்படியானால் நான் குணமாகிவிட்டேன் என்றுதானே அர்த்தம்? இரண்டையும் விட்டுவிடலாமா? காலமெல்லாம் சாப்பிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். மருத்துவரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. என்னைப் பார்த்து என் தம்பியும் மாத்திரை வேண்டாம் என்கிறான். அவனுக்கு 41 வயது, அழுத்தம் 158/98, புகைபிடிக்கும் பழக்கம் உண்டு. அவனுக்கு என்ன சொல்வது?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்திருக்கிறீர்கள். ஆலோசனை அறையில் நான் பலரிடம் மன்றாடிக் கேட்கும் காரியம் இது. மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. அது நடக்கக்கூடியதும்கூட. குறைந்தபட்சம் ஒரு மாத்திரையாவது குறையும் வாய்ப்பு உங்களுக்கு நன்றாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தை முதலில் பேசியாக வேண்டும், ஏனென்றால் அதுதான் அவசரம்.

மாற்று உப்பு, டெல்மிசார்டன், வலி மாத்திரை: மூன்றும் ஒன்றாக வேண்டாம்

மாற்று உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். பொதுவாக அது நல்ல பொருள்தான். சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை.

உங்கள் நிலை வேறு. டெல்மிசார்டன் பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கும். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், பொட்டாசியம் தங்கவும் வழி செய்யும். இவற்றின் மேல் உப்பு வழியாகவும் பொட்டாசியம் உள்ளே போகிறது. ரத்தத்தில் அது அளவு மீறினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும், பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. ஆகவே ரத்தப் பரிசோதனை முடியும் வரை மாற்று உப்பை நிறுத்தி வையுங்கள். சாதாரண உப்பையே இன்னும் குறைவாகப் பயன்படுத்துங்கள். டைக்ளோஃபெனாக் மாத்திரையையும் நிறுத்துங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஆகிய மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

உங்கள் சகாவின் பயத்துக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. சிறுநீரகத்தைக் காலப்போக்கில் கெடுப்பது கட்டுப்படாத ரத்த அழுத்தம். டெல்மிசார்டன் வகை மருந்துகளைச் சிறுநீரில் அல்புமின் வெளியேறுகிறவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே கொடுக்கிறோம். தொடங்கிய புதிதில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம், அதை எதிர்பார்த்தே கண்காணிப்போம். உங்கள் பட்டியலில் சிறுநீரகத்துக்கு நான் அஞ்சுவது நீங்கள் மருந்தென்றே கணக்கில் வைக்காத அந்த வலி மாத்திரையை. அது அழுத்தத்தையும் ஏற்றும். முழங்காலுக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும், தேவைப்பட்டால் மேலே பூசும் மருந்தும், அளவோடு பாராசிட்டமாலும் போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எடை குறைந்ததே மூட்டுக்கு ஒரு சிகிச்சைதான்.

நான்கு நாள் சோதனை எதைக் காட்டியது?

குணமாகிவிட்டதாக அது காட்டவில்லை. அம்லோடிபின் உடலில் வெகுநேரம் தங்கும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அப்படிப் பார்த்தால் நான்காம் நாள் முடிவிலும் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை உங்கள் ரத்தத்தில் மிச்சம் இருந்திருக்கும். கூடவே டெல்மிசார்டன் முழு அளவில் வேலை செய்துகொண்டிருந்தது. மருந்து முற்றிலும் வெளியேறிய பிறகும் அழுத்தம் ஒரே நாளில் எகிறுவதில்லை. சிலருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்கள் கழித்து மெதுவாக ஏறும். அதற்குள் "எனக்கு ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டி, கருவியை அலமாரிக்குள் வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, நீங்கள் அளக்கும் நேரம். நடந்து முடித்ததும் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும், அதனால் சில மணி நேரம் அழுத்தம் தாழ்ந்தே இருக்கும். வெந்நீர்க் குளியலும் அதையே செய்யும். போதாததற்கு அப்போதுதான் மாத்திரையும் போட்டிருக்கிறீர்கள். ஆக, ஒரு நாளில் உங்கள் அழுத்தம் மிகவும் தாழ்ந்திருக்கக்கூடிய வேளையாகப் பார்த்து அளந்துவருகிறீர்கள். மணிக்கட்டுக் கருவியோ, கை இதய மட்டத்திலிருந்து சற்று ஏறி இறங்கினாலே எண்ணை மாற்றிவிடும்.

மேல்கையில் கட்டும், தரச்சோதனையில் தேறிய கருவி ஒன்றை வாங்குங்கள். பட்டை உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும், சிறிய பட்டை பொய்யாக அதிகம் காட்டும். ஏழு நாட்கள், காலையில் மாத்திரைக்கும் நடைக்கும் முன்னால், மாலையில் சாப்பாட்டுக்கு முன்னால் அளந்து பாருங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபியும் புகையும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசைமேல் இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாட்களின் சராசரியை எடுங்கள். எண்களை நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். அதிகமாக வந்ததை விட்டுவிட்டு மறுபடி அளந்ததை மட்டும் எழுதும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு.

வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தொட்டால் அது மருத்துவர் அறையில் 140/90 பார்த்ததற்குச் சமம். மருந்தோ நடையோ, எதனால் இறங்கினாலும் 130/80-க்குக் கீழே நிற்பது உங்கள் வயதுக்கு நல்ல இலக்கு.

அந்தத் தலைசுற்றல்

கடிதத்தில் இதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். மருந்தைக் குறைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு வலுவாகத் தெரிவது இதுதான். காலையில் ஐந்து நிமிடம் படுத்தபடி இருந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள். அருகில் யாராவது இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால், அந்தத் தாளை அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். 86 கிலோ இருந்தபோது சரியாக இருந்த அளவு 77 கிலோவுக்குக் கூடுதலாகியிருக்கலாம். விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்காக யாரும் பிரஷர் மாத்திரை சாப்பிடுவதில்லை. மருந்தைக் குறைக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்றுகூட இது சொல்லலாம், ஆனால் அதை அளந்துதான் சொல்ல முடியும்.

பழக்க மாற்றத்தால் எவ்வளவு இறங்கும்?

எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் தோராயமாக ஒரு புள்ளி இறங்கும் என்பது எங்கள் கணக்கு. உங்கள் ஒன்பது கிலோ என்ன செய்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பழம், காய்கறி, கொழுப்பு நீக்கிய பால் பொருட்கள், முழுத் தானியம், கொட்டை வகைகள் நிறைந்த டாஷ் என்ற உணவுமுறையை 459 பேரிடம் சோதித்து 1997-இல் வெளியிட்டார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண் 11 புள்ளி வரை இறங்கியது, அதுவும் எடையைக் குறைக்காமலே. தொடர்ந்த உடற்பயிற்சி ஐந்து முதல் எட்டுப் புள்ளிகள் தரும். மது அருந்துகிறவர் விட்டால் சில புள்ளிகள் இறங்கும். நீங்கள் மதுவைப் பற்றி எதுவும் எழுதவில்லை, இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இந்த எண்களையெல்லாம் கூட்டி, "எனக்கு முப்பது புள்ளி இறங்கிவிடும்" என்று கணக்குப் போட முடியாது. ஒன்று செய்யும் வேலையின் ஒரு பகுதியையே மற்றொன்றும் செய்கிறது.

உப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இன்னும் நீங்கள் குறைக்க இடம் இருக்கும் விஷயம் அது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சமையலில் போடுவதைப் பாதியாக்கினேன் என்கிறீர்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, சாஸ், பொட்டலத் தீனி, உப்பில் பதப்படுத்தியவை, கடையில் வாங்கிச் சாப்பிடுபவை எல்லாம் அந்தக் கணக்கில் வந்தனவா? நாக்கில் உப்பு கரிக்காத பண்டத்திலும் உப்பு நிறைய இருக்கும். பொட்டலத்தின் பின்புறம் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். குறைந்த உப்புக்கு நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும், அதன் பிறகு பழைய அளவுதான் கரிக்கும்.

தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். சத்தமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுந்து, பகலெல்லாம் தூங்கி வழிகிற பழக்கம் உங்களுக்கு உண்டா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் இந்நோய் அழுத்தத்தைப் பிடிவாதமாக உயர்த்தி வைக்கும். எடை குறைந்தபின் அது தணிந்தும் இருக்கலாம்.

மாத்திரையைக் குறைப்பது எப்படி நடக்கும்?

"ஒருமுறை தொடங்கினால் விடவே முடியாது" என்பது உண்மையல்ல. 60 முதல் 80 வயது வரையிலான, ஒரே ஒரு பிரஷர் மருந்து எடுத்துவந்தவர்களிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்து 1998-இல் வெளியிட்டார்கள். மூன்று மாதம் உப்பையும் எடையையும் குறைக்கப் பயிற்சி கொடுத்தபின், கண்காணிப்போடு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். உடல் பருமன் இருந்தவர்களில் இரண்டையும் செய்தவர்களுக்கு, மறுபடி அழுத்தம் ஏறும் வாய்ப்போ, மருந்து தேவைப்படும் வாய்ப்போ, இதய நோய் வரும் வாய்ப்போ மற்றவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. ஆனால் இரண்டையும் ஒழுங்காகச் செய்தும் மருந்துக்குத் திரும்ப வேண்டியிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். மாத்திரை உடலை அடிமைப்படுத்தியதால் அவர்கள் திரும்பவில்லை. அழுத்தத்தை ஏற்றும் காரணம் உள்ளே அப்படியே இருந்தது. பரம்பரையும் வயதும் நம் கையில் இல்லை.

உங்கள் மருத்துவர் பெரும்பாலும் இப்படித்தான் செய்வார். ஏழு நாள் சராசரியும் ரத்தப் பரிசோதனையும் பார்ப்பார். இரண்டில் ஒன்றின் அளவை மட்டும் குறைப்பார் அல்லது ஒன்றை மட்டும் நிறுத்துவார். நான்கு வாரம் போல விட்டு மறுபடி பார்ப்பார். நிலையாக இருந்தால்தான் அடுத்த படி. எதை முதலில் என்பது ஆளைப் பொறுத்தது. கணுக்கால் வீக்கம் இருந்தால் அம்லோடிபின் முதலில் போகும். சிறுநீரில் அல்புமின் இருந்தால் டெல்மிசார்டன் இருந்தாக வேண்டும். முற்றிலும் நிறுத்த முடிந்தாலும், முதல் ஆண்டில் மாதத்துக்கு ஒரு வாரமாவது அளந்துவர வேண்டும். இரண்டு கிலோ ஏறினாலோ, நடை நின்றாலோ, புதிதாக ஏதாவது மாத்திரை சேர்ந்தாலோ உடனே அளவை ஒருமுறை பாருங்கள். சளிக்குச் சாப்பிடும் மூக்கடைப்பு மாத்திரைகூட அழுத்தத்தை ஏற்றும்.

குறைக்கும் காலத்தில் வீட்டுச் சராசரி 135/85-க்கு மேல் போனால் அடுத்த முறை பார்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். 180/120 அளவுக்கு ஏறி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் மரத்தல், வாய் குழறல், பார்வை மங்கல் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் மாத்திரை அட்டெனலால், மெட்டோபிரலால் போன்றதாகவோ குளோனிடினாகவோ இருந்தால் நான்கு நாள்கூட நீங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள். முதல் வகையைச் சட்டென்று நிறுத்தினால் இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியும் மாரடைப்பும் வரலாம். குளோனிடினை நிறுத்தினால் அழுத்தம் முன்பிருந்ததைவிடவும் பாய்ந்து ஏறக்கூடும்.

ஒரு விஷயத்தில் உங்களோடு நான் மாறுபடுகிறேன். கடிதம் முழுக்க மாத்திரை எண்ணிக்கைதான் வெற்றிக்கு அடையாளமாக வருகிறது. 2015-இல் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வில், இதய நோய் அபாயம் அதிகமுள்ள, சர்க்கரை நோய் இல்லாத 9,361 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மேல் எண்ணை 120-க்குக் கீழும் மற்றதற்கு 140-க்குக் கீழும் வைத்தார்கள். முதல் குழுவுக்குச் சராசரியாக மூன்று மருந்து தேவைப்பட்டது, இரண்டாவதற்கு இரண்டு. இறப்பு முதல் குழுவில் 27 சதவீதம் குறைவு. மயக்கமும் சிறுநீரகச் சிக்கலும் அவர்களுக்குக் கூடுதலாக வந்ததையும் சொல்ல வேண்டும். எல்லோரும் மூன்று மாத்திரை சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு சிறு மாத்திரையோடு 122/76-இல் இருப்பது, மாத்திரையே இல்லாமல் 138/88-இல் இருப்பதைவிட உங்கள் மூளைக்கும் இதயத்துக்கும் நல்லது. கடைசியில் ஒரு மாத்திரை மிஞ்சினால் தோற்றுவிட்டதாக நினைத்து நடையை விட்டுவிடாதீர்கள்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

நேராகவே சொல்லுங்கள். "நான்கு நாள் அம்லோடிபினை நிறுத்திப் பார்த்தேன், மாற்று உப்பும் வலி மாத்திரையும் எடுத்துவந்தேன், தலை சுற்றுகிறது, ஏழு நாள் அளவுகள் இதோ." இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. கொஞ்சம் கடிந்துகொண்டாலும் பரவாயில்லை. நீங்கள் நிறுத்தியது தெரியாமல் அவர் அளவை மாற்றினால்தான் ஆபத்து. எந்தச் சிகிச்சை, ஏன், வேறு வழி உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. "குறைத்துப் பார்க்கலாமா? கூடாதென்றால் காரணம் என்ன?" என்று தெளிவாகக் கேளுங்கள். கேட்டும் விளக்கம் கிடைக்காவிட்டால், அளவுகளையும் அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறில்லை. அதுவரை இரண்டு மாத்திரைகளும் இப்போதுள்ள அளவில் தொடரட்டும், நின்று அளந்ததில் பெரிய இறக்கம் தெரிந்தால் மட்டும் உடனே அவரை அழையுங்கள்.

உங்கள் தம்பிக்கு

அவருக்கு நீங்கள் தவறான உதாரணமாகிவிடக் கூடாது என்ற கவலை உங்களுக்கே இருக்கிறது, அதனால்தான் கேட்டிருக்கிறீர்கள். 158/98 ஒருமுறை பார்த்த எண்ணா, பலமுறை பார்த்ததா என்று முதலில் தெரிய வேண்டும். வேறு எந்த ஆபத்தும் இல்லாத சிலருக்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை பழக்க மாற்றங்களை மட்டும் முயன்று பார்க்க நாங்களே சொல்வதுண்டு. ஆனால் அவர் புகைபிடிக்கிறார், நெருங்கிய உறவில் உங்களுக்கும் இந்த நோய் உண்டு. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், இசிஜி எதுவும் பார்த்ததாகத் தெரியவில்லை. இவற்றைப் பார்க்காமல் "மாத்திரை வேண்டாம்" என்று அவராக முடிவெடுக்க முடியாது.

பழக்க மாற்றம் மட்டுமே சிகிச்சையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1944 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்த இதய மருத்துவர் அவருடைய அழுத்தத்தை 186/108 என்று குறித்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், சிகரெட்டைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அழுத்தத்தை நம்பகமாக இறக்கும் மாத்திரை அன்றைக்குக் கிடையாது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து, 63 வயதில் இறந்துபோனார். சிறுநீரோடு உப்பை வெளியேற்றி அழுத்தத்தை இறக்கும் தயாசைடு வகை மாத்திரை பயன்பாட்டுக்கு வந்ததே 1958-இல்தான். அன்றைக்கு அவருக்குக் கிடைக்காதது உங்கள் தம்பிக்கு எளிதாகக் கிடைக்கிறது.

அவரிடம் உங்கள் ஒன்பது கிலோ கதையைச் சொல்லுங்கள், ஐந்து ஆண்டு மாத்திரை சாப்பிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எடை குறையும் வரை உங்கள் ரத்தக்குழாய்களைக் காப்பாற்றி வைத்திருந்தவை அந்த மாத்திரைகள்தான். நீங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். புதிய கருவியில் அவருக்கும் ஏழு நாள் அளந்து, அந்தத் தாளையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். சிகரெட்டை விடுவதற்கு உதவி வேண்டுமென்று அவர் அங்கேயே கேட்கலாம். அதற்கும் மருந்து இருக்கிறது.